இரண்டு வீடு நனைந்தால்தான் வெள்ளம்

தண்ணீர் வந்தது செவ்வாய்க்கிழமை. வந்தது வெள்ளமா என்ற கேள்வி வந்தது வெள்ளிக்கிழமை. இடைப்பட்ட மூன்று நாளும் கண்ணாடிக்காரர், தன் வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டதாகத் தானாகவே முடிவு செய்துகொண்டு, பாவம், துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி செய்கிறவர். கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை, வீட்டின் முன்னறையில் லென்ஸை அறுத்து விளிம்பு தேய்க்கிற மெஷின். கடைச்சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, "கடைசி வரியைப் படிங்க, அவசரமே இல்லை" என்று ஊரில் பாதிப் பேரைப் படிக்க வைத்தவர். தன் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தில் முதல் வரியைக்கூட அவர் படித்ததில்லை.

தெரு மேட்டிலிருந்து சரிந்து இறங்கி, கால்வாய்க்கரையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்த முட்டுச்சந்தின் அடியில் ஒட்டினாற்போல் இரண்டே வீடு. ஒன்று இவருடையது. இன்னொன்று பல் டாக்டருடையது. மற்ற வீடுகள் எல்லாம் மேலே, மேட்டில், யாருக்கும் தீங்கு நினைக்காமல் காய்ந்து கிடந்தன.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, செவ்வாய் காலை ஒன்பது மணிக்குக் கால்வாய் தெருவுக்கு ஏறியது. மணி அடிக்காமல், கேட்டைத் திறந்துகொண்டு, இரண்டு படி ஏறி உள்ளே வந்தது. வாசலில் கிடந்த செருப்புகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. மதியச் சாப்பாட்டு நேரம் வரை இருந்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் திரும்பிப் போனது.

அவர் மனைவி நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி தருகிறவள். கூடத்துத் தண்ணீரை ஒரு பார்வை பார்த்து, "இதுல குப்புறப் படுத்தாக்கூட மிதக்க முடியாதுங்க" என்றாள். பிறகு ஃபிரிட்ஜின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். இன்னொரு பக்கத்தை அவர் தூக்குவார் என்று எதிர்பார்த்தாள். அந்த எதிர்பார்ப்பு முக்கால்வாசி நிறைவேறியது.

தண்ணீர் வடிந்த மறுநாளே கூடத்து மரப்பலகைத் தரை உப்ப ஆரம்பித்தது. வியாழக்கிழமை கதவு திறக்க வரவில்லை. பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் கூடாரம் மாதிரி எழும்பி நின்றன. குடும்பம் மாடியில் இருந்த ஒரே அறைக்குக் குடிபெயர்ந்தது. கட்டிலில் ஒரு பக்கம் மனைவி, நடுவில் அவர், இன்னொரு பக்கம் தலையணையை ஒட்டி ஃபிரிட்ஜ். மூவரில் ஃபிரிட்ஜ்தான் அதிகம் குறட்டை விட்டது.

இந்த நிலையில் வெள்ளிக்கிழமை, நஷ்டத்தை மதிப்பிட, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். கையில் டேப், டார்ச், ஒரு அட்டையில் செருகிய தாள்.

"தண்ணி எந்த வழியா வந்துச்சு சார்?"

"வாசல் வழியா."

"கூரை ஒழுகி வரலையே?"

"இல்லம்மா."

"குழாய் ஏதாவது உடைஞ்சு?"

"இல்லம்மா. நடந்தே வந்துச்சு."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு விளக்கினாள். கூரை வழியாக விழுந்தால் அது கூரையின் கோளாறு. குழாயிலிருந்து பீறிட்டால் அது குழாயின் கோளாறு. இரண்டுக்கும் சாதாரண வீட்டுக் காப்பீடு. தண்ணீர் முதலில் வெளியே தரையில் விழுந்து, தரையோடு தரையாகப் பரவி, அப்புறம் உள்ளே வந்தால் மட்டுமே வெள்ளம். அதற்குச் சாதாரணக் காப்பீடு ஒரு பைசா பெயராது. அதற்கென்று தனி பாலிசி வேண்டும்.

கண்ணாடிக்காரருக்குத் தரை உப்பியது ஒரு கணம் மறந்துபோனது.

"அப்போ ஒரே துளிம்மா. கூரை ஓட்டையில விழுந்தா வெள்ளமில்லை. அதே துளி நாலடி தள்ளித் தெருவுல விழுந்து, வாசல் வழியா வந்தா வெள்ளமா?"

"ஆமா சார். துளி ஒண்ணுதான். வந்த வழி வேற."

"ஆஹா" என்றார் அவர். மனதார ரசித்த ஆஹா. அதற்குப் பின்னால்தான் தரை ஞாபகத்துக்கு வந்தது. "ஆனா எங்ககிட்ட அந்தத் தனி பாலிசி..."

"இருக்கு" என்றாள் மனைவி படியிலிருந்து. "போன வருஷம் நான் எடுத்தேன்."

"எப்போ? எதுக்கு?"

"இன்சூரன்ஸ் ஏஜென்ட் பையன் ஒருத்தன் எங்க குளத்துல நீச்சல் கத்துக்க வந்தான். வெள்ளத்துக்கு பாலிசி விக்கிறவனே நீச்சல் கத்துக்க வர்றான்னா, அவனுக்கு ஏதோ தெரியும்னுதானேங்க அர்த்தம்? அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்."

சர்வேயர் பத்திரத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். "நல்லவேளை. கையெழுத்துப் போட்டதுல இருந்து முப்பது நாள் கழிச்சுத்தான் இதுக்கு உயிர் வரும். மேகத்தைப் பார்த்துட்டு ஓடி வந்து எடுக்கிறவங்களுக்காக வச்ச விதி. உங்களுக்கு அதெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சு."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். மனைவி, பார்த்தது போதும் என்று கையைக் காட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி சார்" என்றாள் சர்வேயர். "வேற யார் வீட்டுக்கு வந்துச்சு?"

"என்னது?"

"எங்க கம்பெனி விதிப்படி, எப்பவும் காய்ஞ்சு கிடக்கிற நிலத்துல, ஒண்ணுக்கு மேற்பட்ட சொத்துகளைத் தண்ணி மூடியிருக்கணும். அப்பத்தான் வெள்ளம். உங்க ஒரு வீட்டுல மட்டும் நின்னா..."

"நின்னா?"

"அது உங்க வீட்டுத் தண்ணி."

அவர் தெருவைக் காட்டினார். தெரு முழுக்கத் தண்ணீர் நின்றதே! மனைவி எடுத்த படத்தில்கூட இருக்கிறதே! சர்வேயர் படத்தைப் பார்த்தாள். தெருவில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதே படத்தில், வாசல்படியில், கண்ணாடிக்காரர் வழுக்கி விழுந்துகொண்டிருந்ததும் தெளிவாகவே இருந்தது. "தெரு பொதுச் சொத்து சார். அதை விதி கணக்குல எடுக்காது. கால்வாய்க்கரையில எப்பவும் ஈரம்தான், அதையும் எடுக்காது. பக்கத்து வீடு?"

பக்கத்து வீட்டுக்கு அவள் ஏற்கெனவே போய்விட்டுத்தான் வந்திருந்தாள். பல் டாக்டர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, "இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்ததில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்க அவளுக்கு உரிமையில்லை.

"அடுத்த வியாழக்கிழமை காலையில திரும்பி வரேன் சார். அன்னிக்கு ரிப்போர்ட் அனுப்பியாகணும். அதுக்குள்ள இன்னொரு நனைஞ்ச வீட்டைக் கண்டுபிடிச்சு வைங்க. இல்லைன்னா தரை..." அவள் கூடாரத்தைப் பார்த்தாள். "தரை உங்க பொறுப்பு."

பூட்ஸ் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

பல் டாக்டருக்கும் கண்ணாடிக்காரருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் மெஷின். பல் டாக்டர் வீட்டு முன்னறையில் கிளினிக். அங்கே பல்லைக் குடைகிற கருவிக்குக் காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர். இவர் முன்னறையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின். அதன் கிரீச்சொலியில் நோயாளிகள் வாயைத் திறக்க மறுக்கிறார்கள் என்று அவர் நகராட்சிக்கு எழுதினார். அந்தக் கம்ப்ரஸரின் அதிர்வில் லென்ஸ் கீறுகிறது என்று இவர் எழுதினார். நகராட்சி இருவருக்கும் ஒரே தேதியிட்ட ஒரே கடிதத்தை அனுப்பியது: அனுசரித்துப் போகவும். அன்றிலிருந்து மெஷின்கள் மட்டுமே பேசிக்கொண்டன. ஒன்று ஆரம்பித்தால் மற்றது பதில் சொல்லும். தெருவில் இந்த இரண்டு வீட்டையும் கண்ணும் பல்லும் என்பார்கள்.

கண்ணாடிக்காரர் சனிக்கிழமை முழுக்கப் பத்திரத்தோடு உட்கார்ந்தார். லென்ஸில் கீறல் தேடுகிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். கட்டடத்துக்கு ஒரு பகுதி, சாமான்களுக்கு ஒரு பகுதி. தரையோடு ஒட்டிய பலகை கட்டடம். அதே பலகையின் மேல் விரித்த கம்பளம் சாமான். சுவரில் ஆணியடித்த அலமாரி கட்டடம், நகர்த்த முடிகிற அலமாரி சாமான். பூமிக்குக் கீழே அறை இருந்தால் அதில் வைத்த பெரும்பாலான பொருள்கள் எதிலும் சேராது. வெள்ளம் வருகிறது என்று பயந்து மணல் மூட்டை வாங்கினால், அதற்கும் ஒரு பத்தி.

"ஏம்மா, இதைக் கேளேன். மணல் மூட்டைக்கே பணம் தர்றாங்களாம்!"

"நாம வாங்கினோமா?"

"இல்லை."

"அப்புறம் என்ன ஆனந்தம்?"

அவர் பூதக்கண்ணாடியை அடுத்த வரிக்கு நகர்த்தினார். ஆனாலும் ஆனந்தமாகத்தான் இருந்தது. யாரோ ஒரு ஆள், எங்கோ ஒரு அறையில், ஒரு துளி கூட இல்லாத மேஜையில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் என்னென்ன செய்யும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு யோசித்திருக்கிறான். கடைசிப் பக்கத்தின் அடிக்கு அவர் வந்தபோது மனைவி காபி கொண்டுவந்தாள். அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஜன்னலருகே நின்றார்.

"என்னங்க, சுளுக்கா?"

"கேட்குதா?"

"ஒண்ணும் கேட்கலையே."

"அதான். செவ்வாய்க்கிழமையில இருந்து கம்ப்ரஸர் சத்தமே இல்லை."

"நிம்மதியா இல்லையா?"

"இருக்கு. அதான் சந்தேகமாவும் இருக்கு."

அவருடைய மெஷினும் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஊமை. மோட்டார் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில். முதல் ஐந்து நிமிஷத்திலேயே குளித்துவிட்டது. கம்ப்ரஸரும் தரையில் வைக்கிற சாமான்தானே? சர்வேயருக்குப் போன் போட்டார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிதான் சார். ஆனா மௌனத்தை எப்படி போட்டோ எடுக்கிறது?"

அன்று மாலை நாலு மணிக்கு வெயில் சாய்ந்து பல் டாக்டர் வீட்டுச் சுவரில் விழுந்தபோது, மாடி ஜன்னலிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. கண்ணாடிக்காரருக்கு வெள்ளையில் நாற்பது வகை தெரியும்; கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். பக்கத்து வீட்டுச் சுவர் முழங்கால் உயரம் வரை ஒரு வெள்ளை. அதற்கு மேல் வேறு வெள்ளை. முற்றத்தில் புதுச் சரளைக்கல். கேட்டில் ஒரு பலகை: வீடு விற்பனைக்கு.

திங்கட்கிழமை அவர் மூன்று வருஷத்து வைராக்கியத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்தக் கேட்டின் முன் போய் நின்றார். பல் டாக்டர் வந்தார். முழங்கையில் வெள்ளைப் பெயின்ட் ஒரு திட்டு.

"உங்க வீட்டுலயும் ஈரம்தானே டாக்டர்?"

"ஈரமா? எங்க வீட்டுலயா? நாக்குல மட்டும்தான் சார்."

"முழங்கையில?"

பல் டாக்டர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். குரலைத் தாழ்த்தினார். "வீட்டை வித்துட்டு மெயின் ரோட்டுக்குக் கிளினிக்கை மாத்தப்போறேன். புதன்கிழமை ஒருத்தங்க பார்க்க வர்றாங்க. வெள்ளம் வந்த வீடுன்னு ஒரு தாள்ல ஏறிட்டா, என் ஆயுசுக்கும் இறங்காது. நீங்க உங்க தண்ணியைப் பாருங்க, நான் என்னோடதைப் பார்த்துக்கறேன்."

"அப்போ உங்களுக்கும் தண்ணி வந்துச்சு."

"நான் எப்போ சொன்னேன்?" கேட் சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்காரர் திரும்பி வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். "பொய் சொல்றாரு. ஆனா பாவமாவும் இருக்கு" என்று முடித்தார்.

"ரெண்டையும் வச்சுத் தரை போட முடியுமா?" என்றாள் அவள்.

புதன்கிழமை வந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காக்கிச் சட்டையோடு நேராக டியூட்டியிலிருந்து வந்திருந்தாள். பல் டாக்டர் அவளுக்கு ஒவ்வொரு அறையையும் காட்டிப் புகழ்கிற குரல் மதில் தாண்டிக் கேட்டது. காற்றோட்டம். வெளிச்சம். அமைதி. முக்கியமாக அமைதி. அரைமணி கழித்து அவள் தனியாக வெளியே வந்து, நேராகக் கண்ணாடிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். இங்க தண்ணி வருமா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி இழுபடும் சத்தம். மதிலின் மேல் இரண்டு புருவங்கள் உதித்தன. புருவங்களுக்குக் கீழே இருந்த கண்ணாடி, மூன்று வருஷத்துக்கு முன்னால் இவரே செய்து கொடுத்தது.

கண்ணாடிக்காரர் புருவங்களையும் பார்த்தார், பெண்மணியையும் பார்த்தார். வரும் என்றால் அந்தப் புருவங்களின் வீடு விற்காது. வராது என்றால் நாளைக் காலை சர்வேயரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? ஆம், இல்லை என்ற இரண்டு சொல்லும் நாக்கு நுனியில் நின்று, நீ முதலில் போ, நீ முதலில் போ என்றன.

"உள்ள வாங்கம்மா" என்றார் கடைசியில். "என் வீட்டைக் காட்டறேன். பக்கத்து வீட்டைப் பத்தி அந்த வீட்டுக்காரர்தான் சொல்லணும்."

அவள் உள்ளே வந்து, எழும்பி நின்ற தரையைச் சுற்றி நடந்தாள். சுவரில் பழுப்பாக ஓடிய கோட்டை விரலால் தொட்டாள். முட்டி போட்டுக் குனிந்து, கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்த்தாள். அவர் எதிர்பார்த்த பயம் அந்த முகத்தில் இல்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிற முகம்.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"நாலு மணி நேரம்."

"வேகமா வந்துச்சா, மெதுவாவா?"

"மெதுவா. படி ஏற யோசிச்சுட்டுத்தான் ஏறுச்சு."

அவள் எழுந்து வாசலுக்கு வந்து, மதிலைப் பார்த்து, பல் டாக்டர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். ரெண்டுக்கும் ரெண்டே படி. தண்ணி என்ன, பல் வலி இல்லைன்னு அந்த வீட்டுக்குப் போகாம விட்டுருச்சா?"

புருவங்கள் மதிலுக்குக் கீழே இறங்கின. கொஞ்ச நேரத்தில் முழு முகமும் ஏறியது.

"அம்மா, அது வந்து..."

"டாக்டரய்யா, நான் இருபத்தி ரெண்டு வருஷமா பஸ் ஓட்டறேன். ரோட்டுல தண்ணி நின்னா முதல்ல இறங்கிக் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பேன். ஆழம் தெரிஞ்ச தண்ணியில முழு பஸ்ஸையும் ஓட்டிட்டுப் போயிருக்கேன். தெரியாத தண்ணியில ஒரு சக்கரம்கூட இறக்க மாட்டேன். இந்த ஐயா வீட்டுல ஒரு சாண் வரும்னு எனக்கு இப்போ தெரியும். உங்க வீட்டுல எவ்வளவு வரும்னு தெரியாது. தெரியாத வீட்டை நான் எப்படி வாங்கறது?"

அவள் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள். "இந்த மாதிரி வீட்டுக்கு ஏதோ தனி பாலிசி உண்டாமே?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பிறந்ததே என்பதுபோல் கண்ணாடிக்காரர் மலர்ந்தார். துளியில் ஆரம்பித்தார். கூரை, குழாய், தெரு. கட்டடம் வேறு, சாமான் வேறு. கம்பளம் எந்தப் பக்கம், அலமாரி எந்தப் பக்கம். முப்பது நாள் காத்திருப்பு. மணல் மூட்டை. டிரைவரம்மா குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள், எல்லாம் நல்ல கேள்விகள். மதில் மேலிருந்த முகமும் தன்னை மறந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி" என்று அவள் வாட்ச்சைப் பார்த்தாள். "நாளைக்கு டியூட்டி முடிச்சு வரேன். டாக்டரய்யா, உயரத்தை அளந்து எழுதிக் கொடுங்க, மேல பேசலாம். விலையையும் கொஞ்சம் நனைச்சு வைங்க."

அவள் மேட்டில் ஏறி மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார் பல் டாக்டர்.

"எது?"

"பாலிசிதான். ஒரு ஏஜென்ட் பையன் போன வருஷம் கடைவாய்ப்பல் பிடுங்க வந்தான். மரத்துப்போற ஊசி போட்டேன். அப்பவும் பேசிட்டே இருந்தான். வாயை மூட வைக்க வேற வழி தெரியாம கையெழுத்துப் போட்டேன். தண்ணி வந்த அன்னிக்கு எடுத்துப் பார்த்துட்டு, பதிவாயிடுமேன்னு திருப்பி உள்ள வச்சுட்டேன். ஒரு படம்கூட எடுக்கலை."

கண்ணாடிக்காரர் இரண்டு அடி முன்னால் வந்தார். "அதே கம்பெனியா? அதே விதியா?"

"அதேதான்."

"அப்போ உங்க வீட்டுல வந்தது வெள்ளமாகணும்னா, உங்களுக்கும் இன்னொரு நனைஞ்ச வீடு வேணும்."

பல் டாக்டர் தெருவை மேலே ஒரு முறை பார்த்தார். காய்ந்த வீடுகள் வரிசையாக நின்றன. கீழே பார்த்தார். கால்வாய். பக்கத்தில் பார்த்தார்.

"அந்த இன்னொரு வீடு..."

"நான்தான் டாக்டர்."

முக்காலியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது. "உள்ள வாங்க" என்றது குரல், ரொம்ப நாள் எண்ணெய் போடாத கதவு மாதிரிக் கிரீச்சிட்டுக்கொண்டு.

வியாழக்கிழமை காலை சர்வேயர் வந்தபோது, பல் டாக்டர் தன் கிளினிக் சுவரின் முன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விளக்கு. கையில், பல்லில் படிந்த காரையைச் சுரண்டுகிற கொக்கிக் கம்பி. பக்கத்தில் கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியோடு. வாசலில் நின்ற நீச்சல்காரி, இருவரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை யாரும் வழுக்கி விழவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"என்ன சார் நடக்குது?"

"காரை எடுக்கறேம்மா" என்றார் பல் டாக்டர். "அவசரத்துல ஒரே பூச்சுதான் அடிச்சேன். ரெண்டு நிமிஷம்."

கம்பி நுனி பட்ட இடத்தில் புது வெள்ளை சுருள் சுருளாக உரிந்தது. பழக்கதோஷத்தில் அவர் சுவரைப் பார்த்து, "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார். சுவர் கையைத் தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரித்ததும் பெயின்ட் பல்லை இளித்தது. அடியிலிருந்து, பழுப்பு நிறத்தில், ஒரு விரல் அகலத்தில் கோடு வெளியே வந்தது.

"இதோ!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர், தன் குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்தவர் மாதிரி.

சர்வேயர் சுவரின் அடியில் ஓடிய மரச்சட்டத்தை நெம்பினாள். பின்னால் கால்வாய்ச் சேறு காய்ந்தும் காயாமலும் இருந்தது. ஈரம் பார்க்கிற கருவியைச் சுவரில் வைத்தாள். முள் அந்தக் கோடிக்குப் போய் நின்றது. டேப்பை இழுத்தாள்.

"இருபத்தாறு சென்டிமீட்டர்."

"எங்க வீட்டுல?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருபத்திமூணு."

பல் டாக்டர் மெல்ல நிமிர்ந்தார். நேற்று வரை ஒரு சொட்டு வராத வீட்டின் சொந்தக்காரர், இப்போது மூன்று சென்டிமீட்டர் பெருமையோடு நின்றார். "எனக்குத்தான் அதிகம்."

"உங்க தரை பள்ளம் டாக்டர்."

"பள்ளமோ மேடோ, வந்தது வந்ததுதானே?"

"சார், சார்" என்றாள் சர்வேயர். "ரெண்டு வீடும் நனைஞ்சிருக்கு. அது போதும்." தாளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை வந்த தண்ணீர், ஒன்பது நாள் கழித்து, அதிகாரபூர்வமாக வெள்ளம் ஆனது.

"தரை?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தரை உண்டு சார். ரெண்டு பேருக்கும். சோபா, கம்பளம் எல்லாம் சாமான் பகுதியில வரும். அந்த லென்ஸ் மெஷினும் கம்ப்ரஸரும் மட்டும் வராது."

"ஏன்? நான் முழுசும் படிச்சேனே!"

"தொழிலுக்கு வச்சிருக்கிற கருவி இதுல சேராது. கடைசிப் பக்கத்துல இருக்கு பாருங்க."

அவர் பத்திரத்தை வாங்கிப் பூதக்கண்ணாடியை வைத்தார். கடைசிப் பக்கம். கடைசி வரி. சனிக்கிழமை காபி வந்தபோது எந்த வரியில் நிறுத்தினாரோ, அதற்கு அடுத்த வரி. கடையில் ஆயிரம் பேரிடம் படிக்கச் சொன்ன அந்த வரி.

"அவசரமே இல்லை" என்றாள் மனைவி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து. "மெதுவா படிங்க."

மாலையில் டிரைவரம்மா காக்கிச் சட்டையோடு வந்தாள். சுரண்டிய சுவரைப் பார்த்தாள், சர்வேயர் பென்சிலால் எழுதியிருந்த இருபத்தாறைப் படித்தாள். "இப்போ இது தெரிஞ்ச வீடு" என்றாள். விலையில் பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் இறங்கினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: அந்தக் கோட்டின் மேல் இனி யாரும் பெயின்ட் அடிக்கக்கூடாது.

ஒரே மெக்கானிக் இரண்டு மோட்டாரையும் பிரித்துக் காயவைத்தான். தரை போடுகிறவர்களும் ஒரே ஆட்கள்தான். காலையில் ஒரு வீடு, மாலையில் இன்னொரு வீடு. பல் டாக்டர் மெயின் ரோட்டுக்குப் போகிற அன்று கம்ப்ரஸரை வண்டியில் ஏற்றும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் கை தானாகவே தன் மெஷினின் சுவிட்சைத் தட்டியது. இரண்டும் ஒரு நிமிஷம் சத்தம் போட்டுவிட்டு நின்றன. பல் டாக்டர் மதில் மேல் கையைத் தூக்கிக் காட்டினார். வலிக்கிறது என்பதற்கான கை அல்ல என்று கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார்.

டிரைவரம்மா பத்திரப் பதிவு முடிந்த அன்றே பாலிசி எடுத்து, நாட்காட்டியில் முப்பது நாளை அடித்து அடித்து எண்ணி, முப்பத்தோராம் நாள் குடிவந்தாள். வந்த முதல் காலையில் கண்ணாடிக்காரர் மதிலருகே போய் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"டிரைவரம்மா, ஒண்ணு கேட்கலாமா? என்னிக்காவது தண்ணி வந்துச்சுன்னா..."

"வந்தா?"

"மறைக்காம சொல்லிடுங்க. நீங்க நனைஞ்சாத்தான் நானும் நனைஞ்ச கணக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி ஐயா. ஆனா உங்க மெஷினை மேல தூக்கி வைங்க. காலையில அந்தச் சத்தம் வந்தா, உங்க வீடு காய்ஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கறேன். வரலைன்னா பூட்ஸைப் போட்டுட்டு வந்து பார்க்கறேன்."

அன்றே அவர் நாலு செங்கல் வாங்கி வந்தார். மனைவி மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்; இன்னொரு பக்கத்தை அவர், இந்த முறை முழுவதுமாகவே, தூக்கினார். காலுக்கு ஒன்றாகச் செங்கலை நிமிர்த்தி வைத்து டேப்பைப் பிடித்தார். மோட்டாரின் அடிப்பாகம் முப்பது சென்டிமீட்டரில் நின்றது.

"இருபத்திமூணுதானே நம்ம கோடு?" என்றாள் மனைவி.

"பக்கத்து வீட்டுல இருபத்தாறும்மா" என்று சொல்லிவிட்டு, சுவிட்சைப் போட்டார்.